பம்ப் ரூமுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் ரோஜா

பூங்காப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தீர்கள். ரோஜாவைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனீர்கள். எரு எவ்வளவு, மருந்து எவ்வளவு, ஒட்டு எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் வண்ணப்படத்தோடு இருக்கிறது. அதை நான் மறுபடி எழுதினால் அரைத்த மாவை அரைப்பதுதான். ஆகவே நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அதில் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. போக வைத்தது என் கையெழுத்து.

நான் மேற்பார்வையாளராக இருந்த பூங்கா, பஸ் ஸ்டாண்டுக்கும் ரயில்வே லைனுக்கும் நடுவில் இருப்பது. இப்போது நீங்கள் பார்க்கும் நீரூற்றும் டைல்ஸும் அப்போது கிடையாது. காலையில் நடக்க வருகிறவர்கள், ஷூ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்கள், மத்தியானம் பெஞ்சில் படுத்துத் தூங்குகிறவர்கள், இவர்கள்தான் நம் வாடிக்கை. நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போர் தண்ணீர் ஊற்றினால் மூன்றாம் நாள் மண் வெள்ளையாகப் பூக்கும், செடி பூக்காது. ரோஜாவுக்கு மட்டும் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுவோம். அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த ரோஜா என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆயுத பூஜைக்கு முன்னால் ரோஜாவில் கத்திரி படக் கூடாது. பூஜையன்று மண்வெட்டி, கடப்பாரை, கத்திரி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துப் பொரி கடலை படைப்போம். மறுநாள் விஜயதசமியில் கிளையை வெட்டிவிட்டு முதல் கவாத்து. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், நானும் செய்தேன். செப்டம்பரிலேயே கத்திரிகளை ஷெட்டில் வைத்துப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொள்வேன். கவாத்து முடிந்து ஒன்றரை மாதத்தில் பூ வரும். நவம்பர் கடைசி, டிசம்பர் என்று பூங்கா நிறையும். இருபது வருடமாக இந்தக் கணக்கு பிசகியதே இல்லை.

பிசகியது என்று முதலில் சொன்னவர் ரஷீத் பாய். டேனரியில் செலக்‌ஷன் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். மேஜையில் வந்து விழுகிற தோலைத் தடவிப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்துப் போடுகிற வேலை. அந்தக் கண் அவரை விட்டுப் போகவில்லை. பூங்காவில் பெஞ்சு ஆணி கழன்றால்கூட எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். அந்த வருடம் அக்டோபர் கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "சார், லேட்டா வர்ற ரயில ஜோலார்பேட்டையில தெனமும் பாக்கறேன். முன்னாடி வர்ற ரயில உங்க பார்க்குலதான் பாக்கறேன்" என்றார். பம்ப் ரூமுக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே ஒற்றையாய் நின்ற மஞ்சள் ரோஜா, மற்ற செடியெல்லாம் துளிர் விட்டுக்கொண்டிருக்கும்போதே, உள்ளங்கை அகலத்துக்குப் பூத்து நின்றது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதிவேட்டை எடுத்து, "மஞ்சள் ரோஜா, முன்பருவப் பூப்பு ரகம்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அடுத்த வருடமும் அது அப்படியே பூத்தது. ஆட்கள் செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப்பில் போட, ஊர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து என்னையும் செடியையும் சேர்த்துப் படம் பிடித்தார். இதன் ரகசியம் என்ன என்று கேட்டார். கவாத்து செய்கிற கையில் இருக்கிறது என்று சொன்னேன். அது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. நான் நினைத்த கைதான் வேறு.

அந்த மூலையைப் பார்த்துக்கொண்டவள் எஸ்தர். நாற்பதைத் தாண்டியவள். கான்ட்ராக்டர் மூலம் வந்த ஒப்பந்தத் தொழிலாளி. பெருக்குவது, களை பறிப்பது, தண்ணீர் கட்டுவது, பம்ப் ரூம் பக்கத்துச் செடிகளைக் கவனிப்பது அவள் வேலை. புருஷன் டேனரியில் தோலின் ஓரத்தைக் கத்தியால் வெட்டிச் சீராக்குகிற டிரிம்மிங்கில் இருந்து, நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தவர். அதிகம் பேச மாட்டாள். என் பூங்காவில் எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே அந்தப் பக்கம் நான் போவதில்லை. நன்றாக வேலை செய்கிறவர்களை நாம் பார்ப்பதே இல்லை. செய்யாதவர்களின் பின்னால் சுற்றவே நேரம் சரியாக இருக்கிறது.

நகராட்சிக்குப் புதிதாக ஆணையர் வந்தார். இளவயதுப் பெண், சுறுசுறுப்பானவர். பூங்காவைப் புதுப்பிக்கத் திட்டம் போட்டார். பத்திரிகைப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த மஞ்சள் ரோஜாவையே வாசலில் ஒரு பாத்தி முழுக்க வைத்தால் என்ன என்று கேட்டார். நான் ஆழம் தெரியாமல் காலை விட்டேன். செய்துவிடலாம் மேடம் என்றேன். அணைக்கட்டுப் பக்கம் ஒரு நர்சரியில் அந்தச் செடியின் கிளையிலிருந்து முளைக் கண்ணை எடுத்து நாற்பது ஒட்டுச் செடி கட்டச் சொன்னேன். மஞ்சள் ரோஜாவை முதலில் பார்த்ததிலிருந்து மூன்றாம் வருடம் ஆடியில் அவற்றை நட்டோம். இளஞ்செடியை முதல் வருடம் பூக்க விட்டால் வலு போய்விடும் என்பதால் வந்த மொட்டையெல்லாம் கிள்ளிப் போட்டோம். அதனால் அந்த நாற்பதும் எப்போது பூக்கும் என்று யாருக்கும் தெரியாமலே இருந்தது. எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செடி நட்ட அன்று எஸ்தர் என்னிடம் வந்து நின்றாள். கையில் மண்வெட்டி. அதை மண்ணில் ஊன்றிக்கொண்டு, "சார், அது தானா பூக்கறது இல்ல சார்" என்றாள்.

அவள் சர்ச்சுக்குப் போகிறவள். பக்தியாக ஏதோ சொல்ல வருகிறாள் என்று எடுத்துக்கொண்டு, ஆமாம்மா, எல்லாம் கடவுள் கிருபை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து வேலையைப் பார்த்தாள். என் ஆயுளில் ஒருவர் சொன்னதை இவ்வளவு மரியாதையாக நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

நாலாம் வருடம் ஆகஸ்டில் பூங்காவை மூடி வேலை தொடங்கினார்கள். திறப்பு விழாத் தேதியை ஆணையர் என்னைக் கேட்டுத்தான் வைத்தார். அந்த வருடம் ஆயுத பூஜை அக்டோபர் தொடக்கத்திலேயே வந்தது. பழைய செடி கவாத்து முடிந்து ஒரு மாதத்துக்குள் பூக்கிறது, ஆகவே நவம்பர் இரண்டாம் வாரம் வைத்தால் நாற்பது செடியும் பூத்துக் குலுங்கும் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அழைப்பிதழில் மஞ்சள் ரோஜாப் படம் போட்டார்கள். சென்னையிலிருந்து பெரிய ஆட்கள் வருவதாகப் பேச்சு. நான் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தேன்.

அக்டோபர் கடைசி வாரம். நாற்பது செடியிலும் சிவந்த துளிர் ஒரு சாண் நீளம் வந்திருந்தது. மொட்டு என்று பேருக்கு ஒன்று இல்லை. பம்ப் ரூமுக்குப் பின்னால் தாய்ச் செடியில் மட்டும் ஏழெட்டுப் பூ என்று வாட்ச்மேன் சொன்னார். அதே செடியின் கண், அதே மண், அதே லாரித் தண்ணீர், ஒரே நாளில் கவாத்து. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நர்சரிக்காரரைக் கூப்பிட்டு, கண்ணை மாற்றிக் கட்டிவிட்டாயா என்று சத்தம் போட்டேன். அவர் அமைதியாக, சார், பூ வந்ததும் நிறத்தைப் பாருங்க, தப்பா இருந்தா என்னைக் கேளுங்க என்றார்.

பூங்கா மூடியிருந்தாலும் ரஷீத் பாயை வாட்ச்மேன் உள்ளே விடுவார். அன்று காலை நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னா சார், ஒரே பேஜாரா கீறீங்க" என்று பக்கத்தில் வந்தார். சொன்னேன். எழுந்து போய்ப் புதுப் பாத்தியில் இரண்டு செடியைக் குனிந்து பார்த்தார். பிறகு பம்ப் ரூமுக்குப் பின்னால் போனார். நானும் பின்னாலேயே போனேன். கிளையின் வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவினார், தோலைத் தடவுகிற மாதிரி.

"இது பழைய காயம் சார். ஆறிப் போச்சு, ஓரம் கருத்துட்டுச்சு. அங்க இருக்கறது இன்னும் பச்சக் காயம். ரெண்டும் ஒரே நாள்ல பட்டது இல்ல" என்றார். இன்னொரு கிளையைத் திருப்பிப் பார்த்தார். "கத்திரியும் இல்ல. கத்திரின்னா ஒரு பக்கம் நசுங்கும். இது கத்தி, ஒரே இழுப்பு. எங்க டிரிம்மிங் கத்தி இப்படித்தான் போகும்."

அவர் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. மேஜையில் தோலைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு நடக்கப் போய்விட்டார். சாக்குக் கயிறு அறுக்க எஸ்தர் தினமும் எடுக்கிற கத்தி என் கண்முன் வந்தது. நுனி தேய்ந்து, மரப்பிடி போட்ட அவள் புருஷனின் கத்தி.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. செப்டம்பரில் வேளாங்கண்ணி மாதா திருநாள் முடிந்த வாரத்தில் வருடா வருடம் தான்தான் அந்தச் செடியை வெட்டிவிடுவதாகவும், விஜயதசமியன்று அதை மட்டும் தொடாமல் விட்டுவிடுவதாகவும் சொன்னாள். அப்படி வெட்டினால் அக்டோபர் கடைசியில் பூத்து, நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குச் சரியாக இதழ் உதிரும். உதிர்ந்ததைப் பொறுக்கிப் புருஷன் கல்லறையில் போடுவாள். ஒரு பூவைக்கூடப் பறித்ததில்லை. பூப்பறிக்காதீர் என்று போர்டு இருக்கிறது, உதிர்ந்ததைப் பொறுக்காதீர் என்று இல்லை.

மார்க்கெட்டில் வாங்கிப் போடக் கூடாதா என்று கேட்டேன்.

"வாங்கியும் போடுவேன் சார். இது நான் வளத்தது. அவருக்கு நான் வளத்தத கொஞ்சமாச்சும் போடணும்னு தோணுச்சு."

ஏன் மஞ்சள் என்று கேட்டேன். அதில் ஏதோ கதை இருக்கும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் கொஞ்சம் சங்கடப்பட்டு, "மஞ்சள்னு இல்ல சார். அது ஒண்ணுதான் உங்க கண்ணுக்கு மறைவா இருந்துச்சு" என்றாள்.

ஆக ரகமும் இல்லை, ரகசியமும் இல்லை. ஒரு மாதம் முன்னால் வெட்டிய செடி ஒரு மாதம் முன்னால் பூத்திருக்கிறது. தோட்டவேலையில் முதல் நாள் சேர்ந்த பையனுக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. ஆயுத பூஜைக்கு முன்னால் என் பூங்காவில் செடியில் வெட்டு விழும் என்று என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சாவி என் இடுப்பில் அல்லவா இருக்கிறது!

இப்போது நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டிய இடம். புதுப் பாத்தியில் மொட்டே இல்லை என்ற சேதி எட்டி, அன்று மத்தியானம் ஆணையர் என்னை அழைத்தார். கோபமாகப் பேசவில்லை. நிதானமாக, என்ன நடந்தது என்று எழுத்தில் கொடுங்கள் என்றார். விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. என் சர்வீஸ் முடிய ஒன்றரை வருடம். நான் மேஜையில் உட்கார்ந்து இப்படி எழுதினேன்: "ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் மேற்பார்வையாளரின் அனுமதியின்றிப் பருவத்துக்கு முன் கவாத்து செய்துவந்ததால், மேற்படி செடியின் பூப்புக் காலம் குறித்துத் தவறான கணிப்பு ஏற்பட்டது."

இதில் எந்தச் சொல் பொய்? ஒன்றுகூட இல்லை. தவறான கணிப்பு "ஏற்பட்டது" என்று எழுதினேன் பாருங்கள், மழை பெய்தது என்கிற மாதிரி. யார் கணித்தார்கள் என்று இல்லை. நாலு வருடம் யார் பதிவேட்டில் எழுதினார்கள் என்று இல்லை. நட்ட அன்றே அவள் வந்து சொன்னாள் என்றும் இல்லை. அவள் பெயரையும் எழுதவில்லை. பாவம், பெயரை எதற்கு இழுப்பது என்று விட்டேன். அதை ஒரு தயவு என்றே நினைத்துக்கொண்டேன்.

பம்ப் ரூம் பக்கம் வேலை செய்கிற ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் என்றால் அது யார் என்று கண்டுபிடிக்க சிஐடி வேண்டியதில்லை. மறுநாள் காலை கான்ட்ராக்டர் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேட்டில் நின்று கேட்டுக்கொண்டாள், சண்டை போடவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். நான் ஷெட்டில் இருந்தபடி பார்த்தேன். வெளியே வரவில்லை.

மூன்று நாள் கழித்துக் கல்லறைத் திருநாள். காலையில் பம்ப் ரூமுக்குப் பின்னால் போனேன். நாலு வருடத்தில் யாரும் சொல்லாமல் நானாக அங்கே போனது அன்றுதான். இதழ்கள் கொட்டிக் கிடந்தன. எஸ்தருக்குப் பதிலாக வந்தவர் துடைப்பத்தோடு நின்றிருந்தார். கொஞ்சம் இருங்கள் என்று அவரை நிறுத்திவிட்டு, நான் உட்கார்ந்து பொறுக்கினேன். ஒரு கேரி பேக் அளவுக்கு வந்தது. முட்டி வலித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைத் தவிர அன்று எனக்குள் பெரிதாக எதுவும் இல்லை. நான் திருந்திவிட்டேன் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள்.

கல்லறைத் தோட்டத்தில் அன்று கூட்டம் ஜாஸ்தி. வாசலில் மெழுகுவர்த்திக் கடை, சாமந்திக் கடை. உள்ளே ஒவ்வொரு குடும்பமாக உட்கார்ந்து கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் ஓரத்தில் ஒரு சின்னக் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்தாள். சாமந்தி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், பூங்காவில் நிற்கிற மாதிரியே. கேரி பேக்கை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பிரித்துப் பார்த்து, இதழை எடுத்துச் சாமந்திக்கு மேலே தூவினாள். பாதி தூவிய பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"லெட்டர்ல என் பேர் போட்டீங்களா சார்?"

இல்லை என்று வேகமாகச் சொன்னேன். பேர் எங்கேயும் வரவில்லை, ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் என்றுதான் எழுதினேன் என்றேன். அவள் ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"போட்டிருக்கலாம் சார். நாலு வருசமா அந்தச் செடிக்கு நான் செஞ்சதுக்கு எங்கயுமே என் பேர் இல்ல. தப்புன்னு எழுதினதுலயாச்சும் இருந்திருக்கும்."

மீதி இதழையும் தூவிவிட்டுக் கேரி பேக்கை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். நான் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். வழியில் யார் வணக்கம் சொன்னார்கள், யாருக்கு நான் பதில் சொன்னேன் என்று எதுவும் நினைவில்லை.

மறுநாள் காலை ஆணையர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். இரண்டாவது கடிதம் கையில் இருந்தது. அதில் எஸ்தர் என்ற பெயர் நாலு இடத்தில் இருந்தது, என் பெயர் ஏழு இடத்தில். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன வாரம் ஒரு கதை எழுதினீங்க. இப்ப ஒரு கதை எழுதியிருக்கீங்க. எது நிஜம்?"

"ரெண்டும் நிஜம் மேடம். முதல்ல எழுதினதுல என்னை மட்டும் விட்டுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. உங்களை நம்பி அழைப்பிதழ் அடித்தேன் என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. விழாவுக்கு ஓசூர் பக்கமிருந்து பூத்த மஞ்சள் ரோஜாத் தொட்டிகளை வரவழைத்து, தொட்டியோடு பாத்தியில் புதைத்து, மேலே மண் தூவச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. செய்தேன். வந்த பெரியவர்கள் எல்லோரும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், முன்பருவப் பூப்பு ரகம் என்று அழைப்பிதழில் எழுதியிருந்தீர்களே, இதுதானா என்று கேட்டார். இல்லை சார், அப்படி ஒரு ரகம் கிடையாது, நான் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். அவர் நகர்ந்துவிட்டார். எனக்கு மெமோ வந்தது. ஒரு வருட இன்கிரிமென்ட் நின்றது. அதோடுதான் ரிடையர் ஆனேன். புதுச் சட்டையை விழாவுக்குப் போடவில்லை.

கான்ட்ராக்டரை ஆணையரே கூப்பிட்டுப் பேசினார். எஸ்தர் திரும்ப வர இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்கு இடம் சொல்லியிருந்தார்கள். அங்கே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. காலையில் வந்தவள் துடைப்பத்தை எடுக்கவில்லை. நேராக ஷெட்டுக்கு வந்து என் மேஜைக்கு எதிரில் நின்றாள்.

"ரிஜிஸ்டர்ல எழுதிட்டீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. பாக்கலாமா சார்?"

நாலு வருடப் பதிவிலும் "முன்பருவப் பூப்பு ரகம்" என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் "செப்டம்பரில் கவாத்து, செய்தவர் எஸ்தர்" என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முதல் வருடம், இரண்டாம் வருடம். மூன்றாம் வருடத்தில் விரல் நின்றுவிட்டது. நான் அவள் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேனோ என்று எட்டிப் பார்த்தேன்.

"மூணாம் வருசத்துத் தேதி தப்பு சார்" என்றாள்.

இரண்டாம் வருடம் பூத்த அதே தேதிதான் மூன்றாம் வருடத்துக்கும் இருந்தது. அந்த வாரம் மகள் பிரசவத்துக்காக நான் அரக்கோணத்தில் இருந்தேன். திரும்பி வந்து, எப்படியும் அப்போதுதானே பூத்திருக்கும் என்று மேல் வரியைப் பார்த்துக் கீழே எழுதியிருந்தேன். அதற்கும் கையெழுத்து போட்டிருந்தேன்.

"அந்த வருசம் மாதா திருநாள் முடிஞ்சு ஒரே மழ. பத்து நாள் தள்ளித்தான் வெட்டினேன். பூவும் தள்ளித்தான் வந்துச்சு. கல்லறத் திருநாளன்னிக்கு மொட்டாத்தான் இருந்துச்சு சார். அந்த ஒரு வருசம் இதுலேருந்து அவருக்கு நான் ஒண்ணும் எடுத்துட்டுப் போகல."

செடியை நான் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்திருந்தால் அந்த வருடமே எல்லாம் தெரிந்திருக்கும். வெட்டு தள்ளினால் பூவும் தள்ளும், இது ரகம் இல்லை என்று. நாற்பது செடியை நட்டிருந்தாலும் அந்தத் தேதியை நம்பி யாரும் அழைப்பிதழ் அடித்திருக்க மாட்டார்கள். அவளுக்கும் வேலை போயிருக்காது. இதை அவளிடம் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு அது தெரிந்ததுதான்.

மூன்றாம் வருடத் தேதியை அடித்தேன். சரியான தேதி என்ன என்று கேட்டேன். அவள் கண்ணை மூடி யோசித்து, வெட்டிய நாள், மொட்டு வந்த நாள், விரிந்த நாள், உதிர்ந்த நாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.